நிழலுக்கும் மூச்சு வாங்கும்

பொன்செல்வியின் கணுக்காலைப் பார்த்த அன்றுதான் பிரமநாயகிக்கு முதல் சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. துணி உலர்த்துவதற்காகச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள் பொன்செல்வி. கால்கள் இரண்டும் உப்பிப்போய், கொலுசு சதைக்குள் புதைந்து கிடந்தது.

"ஏளா, கால் என்ன இப்படி இருக்கு?"

"சும்மாதான் மயினி. வெயில்ல நின்னேம்லா." செருகியிருந்த சேலையை அவிழ்த்து விட்டுக்கொண்டே சொன்னாள்.

பதிலில் குறை ஒன்றும் இல்லை. சேலையை அவிழ்த்துவிட்ட வேகத்தில்தான் இருந்தது குறை.

பஸ்ஸில் டிக்கெட் என்ற ஒன்று இருந்த காலத்தில் பிரமநாயகி கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்தவள். செக்கராக ஓய்வு பெற்றாள். அவளுக்குப் பிறகு அந்த வேலைக்கே ஆள் எடுக்கவில்லை. இப்போது பஸ்ஸே ஆளைப் பார்த்துக் காசை எடுத்துக்கொள்கிறது. வேலை போனாலும் கண் போகவில்லை. டிக்கெட் எடுக்காதவன் பயந்த முகத்தோடு இருக்கமாட்டான் என்பாள். ஜன்னல் காற்றை அனுபவிக்கிறவன் மாதிரி, தேவைக்கு மேலே நிம்மதியாக இருப்பான். பொன்செல்வி சில மாதங்களாக அப்படித்தான் இருந்தாள், தேவைக்கு மேலே நிம்மதியாக.

பிரமநாயகியை மயினி என்று கூப்பிடுகிற பொன்செல்வி, அவளுடைய தம்பி சங்கரபாண்டியின் மனைவி. பிரமநாயகிக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையாமலே போய்விட்டது. தம்பிக்கு இதய வால்வு பழுதாகி ஆபரேஷன் என்றபோது, கையெழுத்துக்கு நீட்டிய காகிதத்தைப் பொன்செல்வி தள்ளி வைத்தாள். 'நான் போடுதேன்' என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவள் பிரமநாயகிதான். தம்பி மேஜையிலிருந்து எழுந்து வரவில்லை. அதற்கப்புறம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை உண்டு, சிரிப்பும் உண்டு. அந்தக் கையெழுத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரு நாளும் கிடையாது.

பொன்செல்விக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்துமா என்றும் ரத்தசோகை என்றும் மனக்கவலை என்றும் ஊரில் உள்ள டாக்டர்கள் எல்லாம் பெயர் வைத்து முடித்த பிறகு, தாழையூத்துப் பாதையில் புதிதாக வந்திருந்த ஆராய்ச்சி மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இருந்தவள் டாக்டர் இதழினி. சின்ன வயது. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர். அதுவே பிரமநாயகிக்கு அவள்மேல் கொஞ்சம் சந்தேகத்தைக் கிளப்பியது.

"உங்க வீட்டுல போர் தண்ணியாம்மா?" என்று கேட்டாள் இதழினி.

"ஆமா. அதுக்கும் மூச்சுக்கும் என்ன?"

"பழைய குழாயை அறுத்துப் பாத்தா உள்ள உப்பு படிஞ்சு ஓட்டை சின்னதா இருக்கும்ல, அந்த மாதிரிதான். எப்பவோ இவங்க கால்ல ரத்தம் கட்டியிருக்கு. அந்தக் கட்டி மேல ஏறி நுரையீரல் குழாய்ல போய் உக்காந்திருக்கு. பெரும்பாலானவங்களுக்கு அது தானா கரைஞ்சிடும். இவங்களுக்குக் கரையாம தழும்பா ஒட்டிக்கிச்சு. மிச்சம் இருக்கற சின்ன ஓட்டை வழியா ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தோட வலது பக்கம் ஓய்ஞ்சு போயிட்டிருக்கு."

இரண்டு வழி இருக்கிறது என்றாள். ஒன்று ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டு, குழாய்க்குள் ஒட்டியிருக்கும் தழும்பை உரித்தெடுப்பது. இன்னொன்று, தழும்பைக் கரைப்பதற்காகப் புதிதாக வந்திருக்கிற ஊசி. அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

"ரத்தத்த நிறுத்திருவியளா?" என்றாள் பொன்செல்வி. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, மயினியைப் பார்த்தாள். "நான் ஊசியே போட்டுக்கிடுதேன்."

பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள் பிரமநாயகி. வெளியே சொல்லவில்லை. ஆராய்ச்சி என்ற வார்த்தைதான் அவளை உறுத்தியது.

"ஆராய்ச்சின்னா பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறுந்தண்ணிம்பாகளே. இவளுக்கு எது?"

"அது பழைய காலம்மா. இப்ப அப்படிச் செய்யக் கூடாதுன்னு சட்டம். வர்றவங்க எல்லாருக்கும் மருந்துதான். தண்ணி, அவங்க நிழலுக்கு."

நிழல் என்றால் என்ன என்று விளக்கினாள். முதல் வாரம் முழுக்க பொன்செல்வியின் உடம்பை அளந்து எடுப்பார்கள். ரத்தம், இதயம், நுரையீரல் எல்லாம். கழுத்தோரம் ஒரு மைக்கை மாட்டி, தாழ்வாரத்தில் பலமுறை நடக்கவிட்டு நடையையும் மூச்சையும் எடுப்பார்கள். அதையெல்லாம் வைத்துக் கணினிக்குள் இன்னொரு பொன்செல்வியை உண்டாக்குவார்கள். அவளுக்கும் இதே நோய், ஆனால் மருந்து கிடையாது. மாதா மாதம் இவள் ஆறு நிமிடம் நடக்கும்போது அவளும் உள்ளே ஆறு நிமிடம் நடப்பாள். இவள் அவளைவிட எவ்வளவு தூரம் கூட நடக்கிறாளோ, அதுதான் மருந்தின் வேலை.

"மருந்தில்லாம அவ செத்துருவாளே," என்றாள் பொன்செல்வி.

இதழினி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அவங்க போயி நீங்க இருந்தீங்கன்னா, மருந்து நல்லதுன்னு அர்த்தம்."

வீட்டுக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொன்செல்வி, "பாவம்லா அவ," என்றாள்.

மருந்து ஆரம்பித்து மாதங்கள் ஓடின. ஒவ்வொரு முறையும் கணினி நல்ல சேதியே சொன்னது. பொன்செல்வி நிழலை முந்திக்கொண்டு போகிறாள் என்றாள் இதழினி. சென்னையிலிருந்து ஆபரேஷன் டாக்டர் வந்து முகாம் போடும் நேரம் வந்தது. பட்டியலில் பொன்செல்வியின் பெயர் இல்லை, தேவைப்படாது என்றாள். பொன்செல்வியின் முகம் ஜன்னலோரம் இடம் கிடைத்த முகம் மாதிரி மலர்ந்தது.

ஆனால் வீட்டில் அவள் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கினாள். கொல்லைப்படி ஏறினால் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்கு நிற்கிறாய் என்றால் காக்காயைப் பார்க்கிறேன் என்பாள். இந்தக் கணுக்காலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வீங்கிக் கிடந்தது, ஆஸ்பத்திரிக்குப் போன புதன்கிழமை வற்றிப்போய், ஒன்றும் அறியாத கால் மாதிரி இருந்தது.

ஒன்று ஆஸ்பத்திரி பொய் சொல்கிறது, இல்லை பொன்செல்வி பொய் சொல்கிறாள். பிரமநாயகி முதலில் ஆஸ்பத்திரியைப் பிடித்தாள். பொன்செல்வியைப் பிடிக்க மனசு வரவில்லை.

அந்தப் புதன்கிழமை காத்திருக்கும் இடத்தில் மைமூன் பீவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேலப்பாளையத்துக்காரி. அவளுக்கும் இதே நோய், இதே ஊசி, பொன்செல்விக்கு அடுத்த முறை அவளுடையதுதான். வாய் கொஞ்சம் கூட.

"யக்கா, என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க. மருந்து கேக்கலியாம். ஆபரேஷன்தானாம்."

"ஒனக்குமா அதே ஊசி?"

"அதே ஊசின்னு சொல்லுதாங்க. யார் கண்டா? மரியசூசை வாத்தியாருக்கும் கேக்கலியாம். சுடலைமுத்துக்குக் கேட்டிருக்கு. அந்த டவுன்காரம்மா, பெரிய பொட்டு வச்சிருப்பாங்களே, அவுகளுக்கும் கேட்டிருக்கு. ஒங்க பொன்செல்விக்குச் சொல்லவே வேண்டாம்." மைமூன் குரலைத் தாழ்த்தினாள். "ஊசிக்குமா யக்கா பேரு தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. பிரமநாயகி அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேரிடம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தாள். கணக்கு மைமூன் சொன்னபடியேதான் வந்தது. விபூதி குங்குமம் வைத்த நெற்றிக்கெல்லாம் மருந்து கேட்டிருக்கிறது. மற்ற யாருக்கும் கேட்கவில்லை.

இப்படியும் செய்வார்களா? இவ்வளவு பெரிய மருத்துவமனையில், இந்தக் காலத்தில். செய்யமாட்டார்கள் என்று சொல்வதற்கு வாய் வரவில்லை.

மைமூனைக் கையைப் பிடித்து எழுப்பி, பொன்செல்வியையும் கூட்டிக்கொண்டு நேரே இதழினியின் அறைக்குள் போனாள்.

"டாக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி. ஆளைப் பாத்துதான் மருந்தா?"

இதழினிக்கு முதலில் புரியவில்லை. மைமூன் தன் வாயால் சொன்ன பிறகு புரிந்தது. அவள் முகம் வெளுத்தது. கோபப்படுவாள் என்று பிரமநாயகி எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் திருட்டு என்று முடிவு கட்டியிருப்பாள். இதழினி கோபப்படவில்லை. தன் கணினியில் பெயர்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் இதைக் கவனிக்கவே இல்லையே," என்றாள்.

எல்லா ஊசியும் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகிறது, எது யாருக்கென்று அவளுக்கே தெரியாது என்றாள். பிறகு, விதிப்படி நோயாளிக்கு நிழலைக் காட்டக் கூடாது, இருந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் சரியென்றால் காட்டுகிறேன் என்றாள்.

"நீங்க பாத்ததில்லையா?" என்று கேட்டாள் பிரமநாயகி.

"எங்களுக்கு எண்ணு மட்டும்தான் வரும். நடக்கறத யாரும் உக்காந்து பாக்கறதில்ல."

திரையில் இரண்டு தாழ்வாரங்கள் தெரிந்தன. இரண்டிலும் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு உருவம். முகம் கிடையாது. ஆனால் இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிற அந்த நடை பொன்செல்வியுடையது. வீட்டு முற்றத்தில் தினமும் பார்க்கிற நடை.

மைமூனின் நிழல் கடைசிவரை நடந்து போய், திரும்பி, வந்தது. பொன்செல்வியின் நிழல் கடைசிவரை போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்பியது. மறுபடி போனபோதும் நின்றது. ஒவ்வொரு முறையும், அந்த ஒரு கோடியில் மட்டும்.

"பாத்தீங்களா, மருந்து இல்லாததால அவங்களுக்கு மூச்சு வாங்குது. அதான் நிக்கறாங்க," என்றாள் இதழினி.

"மூச்சு வாங்குனா மத்தக் கோடியிலயும்லா நிக்கணும்," என்றாள் பிரமநாயகி.

மைமூன் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "இதென்ன கையை இப்படிக் கொண்டு போவுது... எம்மா, இது களைச்சு நிக்கல. கும்புடுது. கன்னத்துல போட்டுக்கிடுது பாருங்க."

இதழினி அந்தக் கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அந்தக் கோடியிலதானம்மா பிள்ளையார் படம் மாட்டியிருந்துச்சு?" என்றாள் மைமூன். "நான் அடுத்தாப்ல நடக்கணும்னு அங்கன நாற்காலியில உக்காந்திருப்பேன். முத வாரம் பூரா இவுக ஒவ்வொரு தடவையும் அங்க நின்னு கும்புட்டுட்டுத்தான் திரும்புவாக. சுடலைமுத்து தோப்புக்கரணமே போடுவாரு. பொறவு வெள்ளையடிக்கன்னு படத்தைக் கழட்டிக் கொண்டுபோயி மருந்துக்கடையில மாட்டிட்டாங்க."

இதழினி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அங்கே நேரம் பார்க்கிற நர்சுகள் அத்தனை பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அவளும்தான் பார்த்திருக்கிறாள். சாமி படத்தைக் கண்டால் கும்பிடுவதை யார் எடுத்துச் சொல்வார்கள்? கணினிக்கு மட்டும் அது தெரியாது. அது இந்த உடம்பின் நோய் என்று நினைத்து அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. படம் போன பிறகு பொன்செல்வி நிற்காமல் நடந்தாள். நிழல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அந்த இடைவெளியைத்தான் மருந்து என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப மருந்து?" என்றாள் பிரமநாயகி.

"யாருக்கும் வேலை செய்யலம்மா." இதழினி கணினியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யல."

மைமூன் பிரமநாயகியைப் பார்த்தாள். "நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் யக்கா."

"நானும்தான். விடு."

பொன்செல்வி அவ்வளவு நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ இருக்க எடத்துலயும் படம் இருக்கா டாக்டரம்மா?"

"இல்லம்மா. வெறும் சுவருதான் வச்சிருக்கோம்."

"செவுத்தையா கும்புட்டுட்டு இருக்கா."

அப்புறம்தான் பிரமநாயகி அவள் பக்கம் திரும்பினாள். டிக்கெட் இல்லாதவனிடம் கேட்கிற குரலில்தான் ஆரம்பித்தாள், பாதியில் அது உடைந்துபோயிற்று. "மெஷினு ஏமாந்துபோச்சு, சரி. ஒனக்கு ஒன் ஒடம்பு தெரியாதாளா? புதன்கிழம மட்டும் காலு எப்படி வத்துது?"

முந்தின நாளே நீர் பிரியவைக்கிற மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு வருவேன் என்று ஒப்புக்கொண்டாள் பொன்செல்வி. கேள்வி கேட்கிற நர்சிடம், மூச்சு நன்றாக இருக்கிறது, படி ஏறுகிறேன், தண்ணீர்க்குடம் தூக்குகிறேன் என்றெல்லாம் சொல்லிவந்தாளாம். ஏன் என்று கேட்டதற்கு, பயம் என்றாள். கத்திக்குப் பயமா என்று கேட்டதற்கு, தலையை அசைத்தாள். அந்த அசைப்பு ஆமாமா இல்லையா என்று பிரமநாயகிக்குப் பிடிபடவில்லை.

இதழினி அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதிவிட்டாள். அவளுடைய மூன்று வருட உழைப்பு அதோடு போயிற்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், ஆபரேஷன் டாக்டரிடம் பேசி மைமூனுக்கும் பொன்செல்விக்கும் முகாமில் இடம் வாங்கினாள். இன்னும் நாள் கடத்தினால் இதயம் தாங்காது, அப்புறம் கத்தியும் உதவாது என்று சொன்னாள்.

ஆபரேஷன் அன்று காலை பொன்செல்வி ஒன்றே ஒன்று கேட்டாள். ஆராய்ச்சி முடிந்ததென்றால் நிழலை அணைத்துவிடுவீர்களா என்று. ஆமாம் என்றாள் இதழினி.

"நான் வெளிய வர்ற வரைக்கும் அணைக்காதிய. என் ரத்தம் நிக்கிற நேரத்துல அவ நடந்துட்டுக் கெடக்கட்டும்."

கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தை நீட்டினார்கள். பிரமநாயகி பேனாவை வாங்கினாள். பொன்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்திப் பயம்தான், என்ன செய்ய என்று எண்ணியபடி, பிரமநாயகி தன் பெயரை முழுதாக எழுதினாள். பேனாவைத் தேவைக்கு மேலே அழுத்தியிருந்தாள்.

கதவு மூடிய பிறகு இதழினி ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திரையில் நிழல் நடந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, ரத்த ஓட்டத்தை இப்போது நிறுத்தியிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லிப் போனாள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு பயப்படாமல் இருக்க யாரால் முடியும்? உள்ளே படுத்திருப்பவளிடம் மூச்சும் இல்லை, துடிப்பும் இல்லை. இவர்கள் சொல்வதெல்லாம் நிஜந்தானா? எல்லாம் முடிந்துபோய், சொல்லத் தயங்கி இப்படி ஆள் அனுப்புகிறார்களா? தம்பிக்கும் இப்படித்தான் ஒருத்தி வந்து பயப்பட வேண்டாம் என்றாள்.

திரையில் இருப்பவளாவது மூச்சு விடுகிறாளா என்று பார்க்கலாம் என்று, ஓரத்தில் இருந்த ஒலிக்குறியை அழுத்திக் கூட்டினாள் பிரமநாயகி.

மூச்சு கேட்டது. கொல்லைப்படியில் கேட்கிற அதே மூச்சு, கடைசியில் சின்னதாக ஒரு விசில். அடி வைக்கிற சத்தம். நிழல் சுவருக்குப் போய் நின்றது. கையை எடுத்தது. முதல் வாரம் பொன்செல்வியின் கழுத்தோரம் மாட்டியிருந்த மைக் நடையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முகமில்லாத அந்த உருவத்திலிருந்து, அடிக்குரலில், பொன்செல்வி பேசினாள்.

"பிள்ளையாரப்பா, மயினி கையால இன்னொரு கையெழுத்து வாங்கிராத."

திரும்பி நடந்தது. மறு கோடிவரை போய், வந்து, மறுபடி நின்றது.

"பிள்ளையாரப்பா, மயினி கையால இன்னொரு கையெழுத்து வாங்கிராத. அவிய தாங்க மாட்டாவ."

பிரமநாயகி டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். சத்தம் நிற்கவில்லை. சேலையை மடித்து அதன்மேல் போட்டாள். அப்படியும் கேட்டது. எத்தனையோ பஸ்ஸில் எத்தனையோ முகம் பார்த்தவள். பக்கத்துச் சீட்டில் இருந்த இந்த ஒரு முகத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டு இத்தனை நாள் வந்திருக்கிறாள். தன்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று பட்டது. சேலையை விலக்கி, டேப்லெட்டை நிமிர்த்தி, நிழல் சுவருக்கு வரும்போதெல்லாம் அது சொல்வதைக் கேட்டபடி அதன் கூடவே இருந்தாள்.

"அம்மா, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு."

இதழினிதான். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். தழும்பு முழுசாக உரிந்து வந்துவிட்டது, ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது, இதயம் தானாகத் துடிக்கிறது என்று சொன்னாள். பிரமநாயகி அவள் முகத்தையே பார்த்தாள். தேவைக்கு மேலே நிம்மதி எதுவும் அதில் இல்லை. களைப்புதான் இருந்தது. நம்பினாள்.

டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு ஒலியை அடியோடு குறைத்தாள். "இதை இனிமே யாருக்கும் சத்தம் வச்சுக் காட்டாதிய."

இதழினி ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு உள்ளே விட்டார்கள். பொன்செல்வியின் உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஆனால் மாதக்கணக்காக அதில் இருந்த நீலம் போயிருந்தது. பிரமநாயகி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

பொன்செல்வி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள்.

"என்ன மயினி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?"

"சும்மாதான்," என்றாள் பிரமநாயகி. "ஏசி ஒத்துக்கிடல."

பொன்செல்வி நம்பாமல் பார்த்தாள்.